எதை நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள்?

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ரத்தப் பரிசோதனைக்காக மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு நர்ஸ், உடுப்பின் ஓரத்தைத் திருகியபடி...

(இல்லை. அவள் எதையும் திருகவில்லை. கைகள் அசையாமல் மடியில் கிடந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.)

நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை, ஒரே ஓர் இடம். கிடைக்காதவருக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

"'வாட் ஆர் யூ ப்ரவுட் ஆஃப்'னு கட்டாயம் கேப்பாங்கக்கா," என்றாள் கூட வந்த தங்கை. "'ஐ'ன்னு ஆரம்பி. 'வீ', நாங்கன்னு சொன்னா, மத்தவங்க செஞ்சத நீ வேடிக்கை பாத்தேன்னு நினைப்பாங்க."

"நான் நான்னு சொல்ல வாய் கூசுதுடி."

"கூசட்டும். வேலை போனா கூசாதா?"

2

(கதையை நிறுத்திவிட்டு ஒன்று. ஆங்கிலத்தில் 'ப்ரவுட்' என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். 'அரகன்ட்', திமிர் பிடித்தவர், என்று அடுத்தவரைத்தான் சொல்வார்கள். 'ஹம்பிள்', பணிவானவன், என்று தன்னையே சொல்லிக்கொள்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கர்வம் கடவுளுக்குப் பிடிக்காது என்று கேட்டு வளர்ந்தவன் நான். வேலை தேடுகிறவளிடம் அதைச் சொல்ல எனக்கும் நா எழவில்லை.)

3

"அந்த டிரிப்ஸ் விஷயத்தச் சொல்லுக்கா."

போன வாரம் ஒரு நோயாளிக்கு ஏறிக்கொண்டிருந்தது பக்கத்துக் கட்டில்காரரின் மருந்து. பார்த்தவுடன் நிறுத்தியவள் அக்கா.

"யாரு மாத்தி ஏத்தினதுன்னு கேட்டா?"

தங்கையின் பார்வை பக்கவாட்டில் போனது. மாற்றி ஏற்றியவள், அக்காவின் தோழி, அதே பெஞ்சின் மறுமுனையில், அதே வேலைக்காக உட்கார்ந்திருந்தாள். எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமலா இருக்கும்? அவள் சுவரைப் பார்த்தாள். அவளைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

4

முதல் வரைவில் தோழி மாடிப்படியில் அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாவதில் இருவருக்குமே வேலை கிடைத்தது. இனித்தது, பொய்யாகவும் இருந்தது. நடந்தது இதுதான்.

கதவு திறந்தது. வெளியே வந்த தோழி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதே கேள்விதான் கேட்டாங்க. நான் மாத்தி ஏத்தினதையும் நீ பாத்து நிறுத்தினதையும் சொல்லிட்டேன். இனி நீ தாராளமா சொல்லலாம்."

"லூசாடி நீ?"

"மனசுல போட்டு அழுத்திட்டே இருந்துச்சு. போ, கூப்பிடுறாங்க."

5

அக்கா உள்ளே போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கேள்வி வந்தது.

"ஐ ஆம் ப்ரவுட் ஆஃப்..." என்று தொடங்கினாள்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தோழி எழுந்து, கேட்கக் கூடாதென்று வராந்தாவின் கோடிக்கு நடந்தாள். அந்த நேரம் பார்த்து பரிசோதனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய்விட்டேன்.

மீதியை நான் கற்பனை செய்து எழுதலாம். அடுத்த சொல் தன்னைப் பற்றியா, தோழியைப் பற்றியா என்று பேனா இரண்டு பக்கமும் இழுக்கிறது. உள்ளே அவளுடைய வேலை இருக்கிறது, வெளியே அவளுடைய தோழி நடந்துகொண்டிருக்கிறாள். அக்காவின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். எதிரே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். சொல்லுங்கள்.