ஒரு மாதம் அணைத்து வைத்த பெட்டி

தெருவில் அவளுக்குச் 'சிக்கனம்' என்றுதான் பெயர். விடுதித் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைப்பவள். சோப்பு கரைந்து சில்லாகிவிட்டால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். "மூச்சு விட்டாக்கூடப் பாதியை மிச்சம் பிடிச்சு வைப்படி நீ" என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள்.

அந்த அக்காவுக்குத்தான் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் தொண்டை ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. போய்ப் பார்க்க இவளுக்கு வழியில்லை.

"அடுத்த மாசம் இன்னொரு ஆபரேஷன் இருக்கும்மா. அன்னிக்கு உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் பார்க்க விடுவாங்க. வீடியோவுல முகத்தைக் காட்டுங்க" என்றாள் போனில் நர்ஸ்.

இவளுடைய பழைய டச் போனில் பேசுவதற்கு மட்டும்தான் காசு கட்டியிருந்தாள். படம் வர இணையம் வேண்டும். நல்ல வேளை, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இணையம் தரும் திட்டத்தில் அவள் பேரும் வந்தது. ஆள் வந்து இணையப் பெட்டியைச் சுவரில் மாட்டி, பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் சுவிட்சை அணைத்தாள். சமையல் கேஸ் மாதிரி எரிய எரியக் குறையும் என்று நினைத்துவிட்டாள், பாவம். அக்காவைப் பார்க்கிற நாளுக்கு முழுசாக இருக்கட்டுமே! பக்கத்து வீட்டுப் பெண் பாட்டு கேட்க வந்தபோதுகூட, "எங்க அக்காவுக்கு வெச்சிருக்கேன்டி, ஓடு" என்று விரட்டினாள்.

அந்த நாளும் வந்தது. தலை வாரி, நல்ல துணி உடுத்தி, மூணே முக்காலுக்குச் சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. தட்டினாள். அணைத்துப் போட்டாள். பெட்டி மேலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"முப்பது நாளா பெட்டி ஓடவே இல்லியேம்மா. உங்களுக்கு வேண்டாம்போலன்னு, வரிசையில இருந்த வேற வீட்டுக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

"தீர்ந்துடக் கூடாதேன்னு அணைச்சு வெச்சேன் தாயீ..."

"அது தீராதும்மா. ராத்திரி பகலா ஓடினாலும் அதே கட்டணம்தான்."

மணி நாலைத் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனைக் கேட்கலாமென்று ஓடினாள்; பூட்டு. நர்ஸையே கூப்பிட்டாள்.

"அக்கா, நான்தான்க்கா. வலிக்குதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அங்கிருந்து மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் நர்ஸின் குரல்.

"போனைக் காதுல வெச்சா, பிடுங்கிப் பிடுங்கி முகத்துக்கு நேரா வெச்சுப் பாக்கறாங்கம்மா. ஒண்ணும் தெரியலையேன்னு கையை ஆட்டிக் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"எனக்கும் அவளை மாதிரியே நரைச்சுப் போச்சுன்னு சொல்லுங்க. சிரிப்பா."

சொன்னாளோ என்னவோ. கட்டிலை உருட்டிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம்தான் கேட்டது.