பெடல் சுற்றும்போது மட்டும்

அவளுடைய சைக்கிள் சத்தம் போட ஆரம்பித்ததில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள் கணவன்தான். நூலகத்தில் அவளோடு வேலை செய்பவர்கள், "நீ தெருமுனை திரும்பும்போதே இங்க தூங்குறவங்க எல்லாம் எழுந்துடுறாங்க" என்று கிண்டலடித்து அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவனோ விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "டக்குன்னு கேக்குதா, டிக்குன்னு கேக்குதா?" என்று விசாரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

அவன் வேலை அப்படி. மின்விசிறிக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேசை அவனுடையது. வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பான். சத்தம் பிடிக்கவில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவான். இருபது வருஷமாக இதே பிழைப்பு. அங்கே அவனுக்குப் பெயரே 'காது'தான். "இந்தப் பெட்டி காதுகிட்ட போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

சமீப காலமாக அந்த மேசையில் சிவப்பு ஸ்டிக்கர் கட்டுக்கடங்காமல் போயிருந்தது. அதில் பாதிக்குமேல் அவளுடைய தம்பி பூட்டிய மோட்டார்கள். அவனும் அங்கேதான் வேலை செய்கிறான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, மாமா குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, "அக்கா, மாமா நல்ல மோட்டாரை எல்லாம் தள்ளிவிடுறாரு. மிஷின்ல வச்சுப் பாத்தா ஒரு குறையும் இல்ல. அவர் காதைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லேன்" என்றான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "உன் கை சரியில்ல, அதுக்கு அவர் காதைக் குறை சொல்றியா? வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்டா" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். காபியைக் குடிக்காமல் எழுந்து போனவன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது சூப்பர்வைசரும் அதையே சொல்லியிருந்தார். வருகிற வாரம் காதுப் பரிசோதனை. தேறாவிட்டால் பேக்கிங் பிரிவு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. "எல்லாரும் சேர்ந்து எனக்குக் குழி பறிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட நேரத்தில்தான் சைக்கிள் சத்தம் போட்டது.

"இதைக் கண்டுபிடிக்கிறேன் பாரு. அப்புறம் உன் தம்பிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு, யாருக்கு என்ன கோளாறுன்னு" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்துக்குள் அவளை ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடி வந்தான். "மிதிக்காம சும்மா உருட்டு. வருதா?" வரவில்லை. அப்படியானால் சக்கரத்தில் இல்லை. "எழுந்து நின்னு மிதி. வருதா?" வந்தது. அப்படியானால் சீட்டில் இல்லை. "பெடல் ஒரு சுத்து வந்தா எத்தனை தடவை?" ஒரே ஒரு தடவை. செயினில் கோளாறு என்றால் செயின் முழுதாகச் சுற்றி வரும்போதுதான் கேட்கும், அதற்குள் பெடல் இரண்டு சுற்றுக்குமேல் போய்விடும். ஆகவே செயினும் இல்லை. "பெடல் பக்கம்தான் எங்கேயோ இருக்கு. நாளைக்கு வீட்டுக்குள்ள வச்சுப் பார்த்துடலாம்" என்றான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த மூளையை அட்டைப்பெட்டி ஒட்டவா அனுப்புவார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் நூலகத்துக்கு அரை நாள்தான். திரும்பும் வழியில் மருந்துக்கடை வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை யாரோ பின்னால் எடுத்த கார் தட்டிவிட்டுப் போய்விட்டது. தூக்கி நிறுத்தினால் செயின் கவர் வெளிப்பக்கமாக நெளிந்திருந்தது. அதன் உள்பக்கத்தில் பெயிண்ட் உரிந்து ஒரு கோடு பளபளவென்று தெரிந்தது. செயின் சுற்றுகிற பெரிய பல்சக்கரத்தில் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை அது கவரில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது இரண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. வீடு வரைக்கும் சைக்கிள் சாதுவாக வந்து சேர்ந்தது.

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் உள்ளே நுழைந்தால், அவன் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்வையோடு காத்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு களை. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை. அவனே அந்தக் கோட்டைப் பார்க்கட்டும், அவனே கண்டுபிடித்ததாக இருக்கட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று சைக்கிளை உள்ளே தள்ளிவந்து ஸ்டாண்டு போட்டாள்.

"நீ கையால மெதுவா சுத்து" என்று சொல்லிவிட்டு, அவன் போர்வையில் ஒருக்களித்துப் படுத்து, பெடலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் தரையில் உட்கார்ந்து சுற்றினாள். செயின் ஓடுகிற மெல்லிய சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ம். இருக்கு" என்றான்.

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. டிக். டிக். உள்ள ஒரு பால்ரஸ் குண்டு உடைஞ்சிருக்கு." சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலால் தரையில் தாளம் தட்டினான்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமே காது குத்துகிறாரா என்று நினைத்தாள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க இல்லாத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்கிற ஆள், தம்பியின் மோட்டாரிலும் இதைத்தான் செய்திருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. சரி, பார்க்கலாம் என்று பெடலைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விரல் நிற்கவில்லை. தரையில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியே சுத்து, நிறுத்திடாதே" என்றான் கண்ணைத் திறக்காமலே. "இப்பதான் இன்னும் தெளிவா கேக்குது."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. நடிக்கிறவன் முகம் இப்படி அமைதியாக இருக்காது. தம்பியை விரட்டியடித்த அன்று தன் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்து, அவளுக்கு வெட்கமாகிப்போனது. பேசாமல் இருந்தால் அவன் எல்லாவற்றையும் கழற்றி, நாலு புது பால்ரஸ் போட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவான். அவளும் ஆமாம் என்று தலையாட்டலாம். திங்கட்கிழமை அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த மேசைக்குப் போவான்.

"ஏங்க. கண்ணைத் திறங்க."

திறந்தான். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தான். நின்றிருந்த பெடலைப் பார்த்தான். விரல் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றது.

"எப்ப நிறுத்தின?"

"அப்பவே நிறுத்திட்டேங்க." கார் தட்டியதையும், கவர் நெளிந்ததையும், வழியெல்லாம் சத்தமே இல்லாமல் வந்ததையும் சொன்னாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து, கவருக்குள் கையை விட்டு அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான். போல்ட் தலையையும் தொட்டுப் பார்த்தான். "ஆமா, இதான். சுத்துக்கு ஒரு தடவை" என்றான். கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டே, "நான் பொய் சொல்லல" என்றான்.

"தெரியும்."

"இப்பவும் கேக்குது. நேத்து சந்துல கேட்டது சைக்கிளா, என் காதா, ஒன்னும் புரியல."

அவள் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத் தன் காதை அவன் காதோடு ஒட்டவைத்தாள். அவன் அசையாமல் இருந்தான்.

"உனக்குக் கேக்குதா?"

"இல்லங்க."

ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டான். வழக்கமாக அவள் எடுத்துவைக்க வேண்டிய போர்வையையும் தானே மடித்தான். பிறகு, "உன் தம்பிக்குப் போன் போடு" என்றான்.

"நான் என்னங்க சொல்லட்டும்?"

"போட்டு என்கிட்ட குடு. அவன் மோட்டார்ல ஒன்னும் இல்லன்னு நான்தான் சொல்லணும்."

மணி அடிக்கத் தொடங்கியதும் போனை வாங்கி வலது காதில் வைத்தான். பிறகு இடது காதுக்கு மாற்றினான். அதுவும் நம்பிக்கையாக இல்லைபோல. ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தான்.

"அவன் என்ன சொல்றான்னு நீயும் கேளு" என்றான்.