ராஜா பேசின பேச்சு

நீலாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டு வீட்டில் அவள் தேய்த்த தேய்ப்பில் மீன் சட்டி ஓட்டையாகாமல் தப்பியதே அதிசயம்.

பின்னே, வராதா கோபம்? திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பில் போடுகிறவள் அவள். சீனாவிலிருந்து வந்திறங்கும் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, இது என்னதான் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தாள். போனில் பாடம், ஆன்லைனில் ஒரு டீச்சர், லீவு நாளெல்லாம் சீன சீரியல். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சீனத்தில் ராகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்பதால், ஒரே சொல்லை ஏற்றி, இறக்கி, இழுத்து, வெட்டிச் சொல்லிப் பழகுவாள். எதிர் சீட்டு மீன்காரம்மாக்கள் பொண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கூடையை நகர்த்திக்கொள்வார்கள். அவளுக்கு அது பற்றிக் கவலையே கிடையாது. அவ்வளவு சந்தோஷம் அந்த பாஷையில்.

கூரைக்குக் கீழே ஒரு பன்றியை வரைந்தால் சீனத்தில் அதுதான் வீடு என்ற எழுத்து என்று அவள் சொன்னபோது, அப்பா சுப்புராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். "நம்ம தெருவாண்ட வந்து பாக்கச் சொல்லு அவனுங்கள. பன்னி மேல கூரையே கெடயாது, ஜாலியா சுத்திகினு கீது" என்றார்.

அப்படிப் படித்தவளைத் தேடி வந்தவர்தான் லியோனார்ட். ராயபுரத்தில் டப்பிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். ஒரு சீன சரித்திரத் தொடரைத் தமிழில் கொண்டுவரும் வேலை அவர் கைக்கு வந்திருந்தது. மற்றவர்கள் இங்கிலீஷைப் பார்த்து எழுதுவார்கள். சீனத்திலிருந்து நேராக எழுத நீலா ஒருத்திதான் கிடைத்தாள். சம்பளம் பேசும்போது அவள் ஒன்றைத்தான் அழுத்திக் கேட்டாள். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் 'தமிழில்: சு. நீலா, காசிமேடு' என்று வரவேண்டும். ஊர் பேரும் வரவேண்டும். சரி என்று தலையாட்டினார்.

மிங் வம்சத்தை ஆரம்பித்து வைத்த சூ யுவான்ஜாங்கின் கதை அது. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பதினாறு வயதில் அப்பா, அம்மா, அண்ணனைப் பறிகொடுத்தவன். பிணத்தைப் புதைக்க ஒரு சாண் நிலம் இல்லாமல் அடுத்தவன் காலில் விழுந்தவன். பிச்சையெடுத்துத் திரிந்து, சண்டை போட்டு, கடைசியில் சீனாவுக்கே ராஜா ஆனான். ராஜா ஆன பிறகும் அவன் போட்ட உத்தரவுகள் பல, பண்டிதர் நடையில் இல்லாமல் அந்தக் காலத்து ஜனங்களின் பேச்சிலேயே இருக்கின்றன. அதைப் படித்த அன்றைக்கு நீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. இவன் நம்ம ஆளு என்று முடிவு கட்டிவிட்டாள். அவனுக்கு மெட்ராஸ் பாஷையைக் கொடுத்தாள்.

நிலம் கேட்கும் காட்சிக்கு வசனமே அவள் எழுதவில்லை. கேட்டதை இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். கொரோனா வருஷத்தில் அவள் அம்மா செத்தபோது, நோய் பரவும் என்று சொல்லி மூன்று இடத்தில் புதைக்க விடவில்லை. மூன்றாவது இடத்தில் இடுகாட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "ஆறடி கூட வேணாம் நைனா. குந்தின மேனிக்கு பொதைச்சிக்கிறேன். எடம் குடு." உட்கார்ந்த வாக்கிலாவது புதைத்துக்கொள்கிறேன் என்ற அந்தப் பேச்சை அப்படியே சீன ராஜாவின் வாயில் வைத்திருந்தாள்.

அன்று காலை முதல் எபிசோடின் மாதிரிப் பதிவு ஸ்டுடியோவிலிருந்து போனில் வந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நிலம் கேட்கும் காட்சி வந்தது. கிழிந்த துணியில் சுற்றிய பெற்றோரின் பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தப் பையன், "ஐயனே, எளியேனுக்குச் சிறிதளவு நிலம் ஈந்தருள்வீராக" என்றான். நீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது போதாதென்று பத்து நிமிஷம் கழித்து ஒரு தொந்திக் காவலாளி வந்தான். குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு, படுக்க இடம் தேடி இன்னொரு காவலாளியிடம், "ஆறடி கூட வேணாம் நைனா, குந்தின மேனிக்கு தூங்கிக்கிறேன், எடம் குடு!" என்று பல்லை இளித்தான். பின்னணியில் டொய்ங் என்று ஒரு சத்தம்.

சுப்புராயன் பீடியை அணைத்தார். அவள் பாத்திரம் தேய்த்து ஓயும்வரை காத்திருந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கௌம்பு" என்றார்.

ஸ்டுடியோவில் ஞாயிறன்றும் வேலை நடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்கிற ஜெரி உட்கார்ந்திருந்தான். லியோனார்ட் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க?" நீலா உட்காரக்கூட இல்லை.

"உணர்ச்சிவசப்படாதீங்க நீலா. ராஜாவாகப் போறவன் ராஜா மாதிரி பேசணும். லோக்கல் பேச்சு காமெடிக்குத்தான் எடுபடும். உங்க நல்ல லைன் எதையும் நாங்க வீணாக்கலையே, காவலாளிக்குக் குடுத்திருக்கோம்."

"பிச்சையெடுத்தவன் சார் அவன்! சீனத்துல அவன் பேசுறத ஒரு தபா காதுல வாங்கினீங்களா?"

"தமிழ் ஜனங்களுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கும்மா."

"யாரு பழக்கினது? நீங்கதான? திருடனா, குடிகாரனா, லூசா, கூப்புடு காசிமேட்டுக்காரன! அழுவுறதுக்கு மட்டும் எங்க பாஷ ஆவாதா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "அந்த ஒரு சீனையாவது நான் எழுதின மாதிரி மாத்துங்க. இல்லன்னா கடைசி நாலு எபிசோட் தர மாட்டேன்."

லியோனார்ட் பெருமூச்சு விட்டார். "இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு. அத வெச்சு யார் வேணா எழுதுவாங்க. உங்க பேர் வரணுமேன்னுதான் பாக்குறேன்."

ஆறு வருஷம் படித்த படிப்புக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று நீலாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"தம்பி" என்றார் சுப்புராயன், அப்போதுதான் வாயைத் திறந்து. "அது என் பொண்டாட்டி செத்தன்னிக்கு நான் சொன்னது."

கடல் காற்றில் கத்திக் கத்திக் காய்த்துப்போன குரல். லியோனார்டுக்கு அதில் குரல் மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. அவர் முகம் மலர்ந்தது. "ஐயா, வாய்ஸ் பிரமாதம்! காவலாளிக்கு இன்னும் ஆள் முடிவாகல. இப்ப இருக்கறது சும்மா மாதிரிக்குப் போட்டது. நீங்களே பேசுறீங்களா?"

நீலா செருப்பைக் கழற்றியே இருப்பாள். அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"மொதல்ல ராஜாவுத ஒண்ணு பேசிப் பாக்குறன்" என்றார். "அப்பால சொல்றன்."

வேடிக்கைதானே என்று லியோனார்ட் விட்டார். ஜெரி உள்ளே அழைத்துப்போய் மைக்கின் முன் நிறுத்தினான். திரையில் அந்தப் பையன், துணியில் சுற்றிய பிணங்கள், மாடிப்படியில் நிற்கிற நிலக்காரன். சுப்புராயன் காகிதத்தைத் தொடவில்லை. பையனின் உதடு அசையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறடி கூட வேணாம் நைனா. குந்தின மேனிக்கு பொதைச்சிக்கிறேன். எடம் குடு."

அதில் கெஞ்சல் இல்லை. கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனவன் குரல் அது. ஜெரி பொத்தானின் மேல் வைத்த விரலை எடுக்க மறந்துபோனான். லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

சுப்புராயன் வெளியே வந்தார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார் லியோனார்ட், திரும்பாமலே. "ஆனா ஜனங்க சிரிச்சிடுவாங்க."

"நீ சிரிச்சியா?"

லியோனார்ட் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.

"உன்னத்தான் கேக்குறன். நீ சிரிச்சியா?"

"சிரிக்கல! அதுக்கு இன்னான்ற இப்போ?" வெடுக்கென்று வந்துவிட்டது. சின்ன வயதில் ராயபுரத்துத் தெருவில் ஓடித் திரிந்த லியோனார்ட் அப்படித்தான் பேசியிருப்பார். சொன்ன வாயை உடனே துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, "ஜெரி, அதை அழிச்சிடுங்க" என்றார், பழையபடி நாகரிகப் பேச்சில்.

ஜெரி தயங்கினான். நீலாவைப் பார்த்தான்.

"அழிச்சிடு ஜெரி" என்றாள் நீலா. "அப்டியே எல்லா எபிசோட்லயும் என் பேரையும் அழிச்சிடு. ஊர் பேரையும் சேத்து. காசிமேட்டுக்காரி இந்த வேலைய செய்யல."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. இரண்டு பேரும் லாரிகளுக்கு நடுவே புகுந்து நடந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீலா, அந்தப் பையன் அப்பால இன்னா ஆனான்?"

"எடம் தர மாட்டேன்னவனோட ஊருக்கும் சேத்து ராஜா ஆனான்."

"பேச்ச மாத்திக்கினானா?"

"இல்ல நைனா. போட்ட உத்தரவுகூட அதே பேச்சுதான்."

சுப்புராயன் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் ஒரு லாரிக்காரன் கத்தினான். அவர் நகரவில்லை.

"அம்மாம் பெரிய ராஜா, அவனுக்கே அவன் பேச்சு வெக்கமா இல்ல" என்றார், ஸ்டுடியோ ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டி. "இவனுக்கு இன்னாத்துக்கும்மா வெக்கம்?"