பனிக்காலத்துச் சாப்பாடு

பேக்கரி வேலை முடிந்து யுவராணி வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவன் தமிழ்ச்செல்வன் மடியில் லேப்டாப்பை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தான். திரையில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குத் தகரம் போடப் போய், மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து அவனுக்கு அதுதான் உலகம். அவள் தம்பி நவநீதன் கொண்டுவந்து கொடுத்தது. அந்த கேமில், ஆளில்லாத காட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கோடை கொஞ்ச நாள்தான். அதற்குள் பயிர் வைத்து, வேட்டையாடி, சமைத்ததைக் குளிரறையில் கெடாமல் சேர்த்துவைத்து, எதுவும் விளையாத பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும். ஏழு பேருக்கும் வீட்டு ஆட்களின் பெயரையே வைத்திருந்தான். அவன் அம்மா பானுமதி அங்கே வில்லெடுத்து வேட்டைக்குப் போவார். நிஜத்தில் வாசலில் மேயும் கோழியை விரட்டவே ஆள் கூப்பிடுகிறவர்.

திரையில் தெரிந்த குளிரறைக்குள் யாருமில்லை, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் யுவராணியின் அப்பா மாரியப்பன் வீட்டை இரண்டாக்கிவிடுவார். இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போகிற குடும்பம். எப்படி அணைப்பது என்று தமிழ் ஒருமுறை காட்டியிருந்தான். அவள் கை தானாகப் போய் அணைத்துவிட்டது. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு களி கிண்டப் போனாள்.

அவன் விழித்தபோது குளிரறையில் முக்கால்வாசி அழுகியிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றான். மிச்சத்தையாவது நம் வீட்டுக் களி மாதிரி தண்ணீரில் போட்டு வைக்க முடியாதா என்று அவள் கேட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் சிரித்ததைப் பார்த்து, போனது போகட்டும் என்று அவளும் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. பனிக்காலம் வந்துவிட்டது. ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளறைக் கட்டிலில் படுத்தே கிடந்தார். அவருக்கு மேலே சிவப்பு எழுத்தில் பசி என்று வந்து வந்து மறைந்தது. கீழே பெயர், தமிழ்.

"இவருக்கு ஏங்க யாரும் சோறு குடுக்கல?"



"நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். அடிபட்டு எந்திரிக்க முடியாத ஆளு. அவனுக்குப் போடறத மிச்சம் புடிச்சா மத்தவங்க ஆறு பேரும் பனியத் தாண்டிருவாங்க."

கறிக்குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்வதுபோல்தான் சொன்னான். யுவராணி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். அதில் பாதி உருண்டைக் களிதான் இருந்தது. ஒரு முழு உருண்டை எப்போது பாதியானது? படுத்தே கிடந்தால் செரிப்பதில்லை என்று அவன் சொன்னதை நம்பி, அவளேதான் தினமும் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறாள். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. லேப்டாப்பைப் பிடுங்கி மூடிவிடலாம் போலிருந்தது. மூடினால் கட்டிலில் கிடக்கிற அந்த ஆள் அப்படியே கிடப்பான் என்பதால் மூடவில்லை.

"அவருக்கும் சோறு போடச் சொல்லுங்க."

"பத்தாது ராணி. எல்லாருமே செத்துருவாங்க."

"பத்தாட்டி எல்லாருக்கும் பத்தாம போவட்டும். அந்த ஆறு பேரையும் ஒரு வார்த்த கேட்டீங்களா நீங்க?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளே மவுஸைப் பிடித்தாள். எங்கெங்கோ அழுத்தினாள். நன்றாக இருந்த சுவர் ஒன்றை இடிக்கச் சொல்லிவிட்டு, அதை நிறுத்தத் தெரியாமல் விழித்தாள். கண்ணில் நீர் முட்டியதில் எழுத்தும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே அவன் சொன்னான்.

"பேருக்கு நேரா பாரு. சோத்துக்குக் கடைசிக் கட்டம்."

அழுத்தினாள்.

வெளியே விறகு வெட்டிக்கொண்டிருந்த பொம்மை ஒன்று, யாரும் ஏவாமலே, வெட்டியதை அப்படியே போட்டுவிட்டுக் குளிரறைக்குள் போனது. அதன் கீழே யுவராணி என்று எழுதியிருந்தது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தது. பனி ஆழமாக இருந்ததால் நடை மெதுவாகத்தான் இருந்தது. தமிழ்ச்செல்வன் எப்போது திரும்பினானோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உள்ளறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றது. குளிரறைக் கணக்கில் ஒரு சாப்பாடு குறைந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டுதான் இருந்தது.