பாக்கெட்டில் ஒன்பது வாட்ச்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த நாலு மாடி ஐடி கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் விவரமான ஆள். வாசலில் நுழைந்ததும் எட்டுப் பேர் பக்கம் பக்கமாக ஏறலாம், அத்தனை அகலத்தில் மாடிப்படி. லிஃப்டைத் தேடத்தான் வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் கொண்டுபோய் ஒளித்திருந்தார். டீ மெஷின் நாலாவது மாடியில் மட்டும். உட்கார்ந்தே கிடப்பவர்கள் டீக்காகவாவது எழுந்து நடப்பார்கள் என்று நம்பினார், பாவம்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து, "நாகவல்லிக்கா, ரெண்டு டீ" என்றார்கள்.

நாகவல்லி பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் ஹவுஸ்கீப்பிங் அம்மாள். வயது ஐம்பத்திரண்டு. வலது முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் டீத்தட்டோடு லிஃப்டில்தான் போய்வந்தாள்.

அப்புறம் ஊழியர்கள் எல்லாருக்கும் காலடி எண்ணும் வாட்ச் வந்தது. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். ஒரு வாரத்திலேயே விஷ்ணு கழற்றிவிட்டான்.

"அக்கா, நீங்க எப்படியும் நடந்துக்கிட்டேதான இருக்கீங்க? இது சும்மா உங்க பாக்கெட்ல கிடக்கட்டும்."

புடவைக்கு மேல் போடும் நீலச் சட்டையின் பாக்கெட்டில் அது கிடந்தது. அடுத்து அகல்யா, ஆசிக் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மாதக் கடைசியில் ஒன்பது வாட்ச். காலையில் வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள். படித்த பிள்ளைகளின் இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஹெச்.ஆர். ரோஷினிக்கோ தலைகால் புரியவில்லை. எல்லாம் மாடிப்படியின் மகிமை என்று ரிப்போர்ட் அனுப்பினாள். இவ்வளவு நடக்கிறவர்களுக்கு லிஃப்ட் எதற்கு என்று மேலிடம் கேட்டது. திங்கட்கிழமை முதல் கார்டு இருந்தால்தான் லிஃப்ட் திறக்கும். கார்டு ஊழியர்களுக்கு மட்டும், அதுவும் டாக்டர் சீட்டு காட்டினால். நாகவல்லி காண்டிராக்ட் ஆள். ஊழியர் பட்டியலில் அவள் பெயரே கிடையாது.

புதன்கிழமைக்குள் முட்டி வீங்கிவிட்டது. டாக்டர் சீட்டோடு ரோஷினி முன்னால் போய் நின்றாள்.

"முட்டி ரொம்ப நோவுதும்மா. லிப்டு கார்டு ஒண்ணு குடும்மா. இல்லாங்காட்டி வேலைய உட்டு நின்னுட வேண்டியதுதான்."

"படி ஏறினா உடம்புக்கு நல்லதுக்கா. விஷ்ணுவைப் பாருங்க, தினம் பதினாறாயிரம் அடி. அவருக்கு வலிக்குதா?" ரோஷினி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் ஒன்பது பேருக்கும் ஏறக்குறைய ஒரே எண்.

நாகவல்லி திரையைப் பார்த்தாள். பாக்கெட்டில் கையை விட்டு, வாட்சுகளை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"இது விஷ்ணு சாரோடது. இது அகல்யா மேடமோடது. இது ஆசிக் சாரோடது..." ஒன்பதும் வந்தன.

"நடந்ததெல்லாம் அவுங்களே வச்சிக்கட்டும்மா. முட்டி மட்டுந்தான் என்னுது."

ரோஷினி தன் கழுத்தில் தொங்கிய லிஃப்ட் கார்டைக் கழற்றிக் கொடுத்தாள்.