கடைசிப் பாட்டின் எண்

எங்கள் தாராவி சபையில் ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேர். நானும் என் மனைவி ஜோஸ்பினும் அதில் அடக்கம். ஐம்பது பேர் வராவிட்டால் தமிழை நிறுத்தி, இந்தி ஆராதனையோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்தாறு வருஷமாகப் பாட்டு தேர்ந்தெடுத்துப் பலகையில் எண் எழுதுகிறவன் நான். இந்தியில் காய்கறிதான் வாங்குவேன். ஜெபம் பண்ண வராது.

அந்த மாதமே கூட்டம் வந்தது. ஆட்டோக்காரர்கள், இட்லி விற்கிற பேராச்சி, தோல் பட்டறைக்காரர்கள். எல்லோரும் பாட்டுப் பலகையை உற்று உற்றுப் பார்த்தார்கள். பாவம், கண் தெரியவில்லை என்று நினைத்து, பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து எண்களைப் பெரிதாக எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு முதல் ஜெபத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். வாசலில் பீடிக்கடை காசிமைப் பிடித்தேன்.

"நீரு எதுக்குவே இங்க வந்தீரு?"

"தாவீது அண்ணாச்சி, கோவப்படாதீய. ஒங்க கடைசிப் பாட்டு இருக்குல்லா, அதோட கடைசி ரெண்டு நம்பரு ரெண்டு ஞாயித்துக்கெழமையா மட்காவுல விழுந்துட்டு. பேராச்சியக்காவுக்கு ரெண்டு தடவையும் அடிச்சிருக்கு."

அடப்பாவிகளா! மட்கா சூதாட்டம் பம்பாய்க்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நியூயார்க்கிலிருந்து வரும் பஞ்சு விலைமேல் பந்தயம் கட்டினார்கள். அது நின்றதும் பானைக்குள் எண் எழுதிய துண்டுச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மட்கா என்றால் பானைதானே. பிறகு சீட்டுக்கட்டு, இப்போது கைபேசி. பானை போயும் எண் தேடுகிற பைத்தியம் போகவில்லை. செத்தவன் வயசு, கனவில் வந்த பாம்பு, மோதிய டாக்சியின் நம்பர், எதையும் விடமாட்டார்கள். இப்போது கர்த்தருடைய பலகை.

விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. அடுத்த ஞாயிறு ஆள் எண்ணத் தலைமை அலுவலகத்திலிருந்து டென்சில் சார் வருகிறார்.

அன்று பலகையில் கடைசி வரியைக் காலியாக விட்டேன். கடைசிப் பாட்டு பிரசங்கத்துக்குப் பிறகுதான் என்று அறிவித்தேன். முணுமுணுத்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் பாடவும் செய்தார்கள். போதகருக்குச் சந்தோஷம் தாங்காமல் பிரசங்கத்தை இருபது நிமிஷம் நீட்டினார். பிறகு நான் 265 என்று எழுதினேன். எண்பத்துமூன்று பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அதை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்கள்.

"நோட்ஸ்லாம் எடுக்காங்களே!" என்றார் டென்சில் சார். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் எண்ணணும். இதே மாதிரி இருந்தா தமிழ யாரும் தொட மாட்டாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கே காசிம் கடைமுன் போய் நின்றேன். அறுபத்தைந்து விழாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி பத்தொன்பதுதான்.

"ஆண்டவரே, அறுபத்தஞ்சு," என்று வாய்விட்டே ஜெபித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

காசிம் போனைத் திருப்பிக் காட்டினான். ஆறு, ஐந்து.

வீட்டுக்கு ஓடினேன். ஜோஸ்பின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, விழுந்துட்டு! அறுபத்தஞ்சு விழுந்துட்டு! ஆராதன தப்பிச்சிட்டு!"

"அது என்ன பாட்டு?"

"இருநூத்தி அறுபத்தஞ்சு."

"நம்பரயா கேட்டேன்? காலையில நின்னு பாடுனோமே, அது என்ன பாட்டு?"

ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அலமாரியிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அவள் குழாயை மூடிவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். எனக்குப் புத்தகத்தைத் திறக்கத் தைரியம் வரவில்லை.