அன்வர் பாஷாவை எடுக்கலாமா

பொம்மிடி ரயில் நிலையத்தில் அன்வர் பாஷாவைப் பார்க்காமல் இருந்திருந்தால், மாங்காய் மண்டிக் கூட்டத்தில் மாதையன்தான் முதலில் கை தூக்கியிருப்பார்.

மாதையனுக்கு ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். கடலையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தருமபுரி பிரதர்ஸ் அணி எங்கே ஆடினாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் பந்தை உதைத்ததில்லை. "ஒதைக்காத பந்துக்கு எதுக்குங்க இந்தக் கத்தல்?" என்று தொண்டை கட்டி வரும் நாட்களில் மனைவி சின்னம்மாள் வெந்நீர் வைத்துக்கொண்டே கேட்பாள். அவர் வெந்நீரை வாங்கிக் கொப்பளிப்பார்.

1972ஆம் வருடம் சித்திரை மாதம், விற்பதற்குப் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பொம்மிடிக்குப் போயிருந்தார். வேலை முடிந்து ரயில் நிலையத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சேலத்திலிருந்து வரும் பாசஞ்சர் வந்து நின்றது. கடைசிப் பெட்டியின் வாசலில் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். நடைமேடை அந்த இடத்தில் தாழ்வாக இருந்தது. அவன் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் தரையில் வைத்தான். பிறகு வலது காலைக் கையால் தாங்கி, எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தை இறக்குவதுபோல மெல்ல இறக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

யாரோ நடக்க முடியாதவன் என்று நினைத்து மாதையன் உதவப் போனார். பக்கத்தில் போனதும் அவன் நிமிர்ந்தான். அன்வர் பாஷா!

அந்தப் பெயர் தெரியாத கால்பந்துப் பைத்தியம் அந்த ஜில்லாவில் கிடையாது. பொம்மிடிப் பையன். சேலத்தில் ஒரு மில் அணிக்காக வலது ஓரத்தில் ஆடினான். மைதானத்தின் பக்கக் கோட்டை ஒட்டி அவன் பந்தோடு கிளம்பினால் உட்கார்ந்திருக்கிற ஜனம் எழுந்து நின்றுவிடும். ஆனால் முதல் வருடம் முழங்கால் போனது. ஓய்வெடுத்துத் திரும்பி வந்தான். இரண்டாம் வருடம் அதே முழங்கால் மறுபடியும் போனது.

மாதையனைக் கண்டதும் அன்வர் காலை உதறிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினான்.

"நீங்க தருமபுரி டீம் ஆளுங்கதானேண்ணா? மேட்ச்சுல பார்த்திருக்கேன்."

"ஆமா தம்பி. முட்டி இன்னும் சரியாவலையா?"

"அதெல்லாம் சரியாயிடுச்சுங்க. உக்காந்தே வந்ததுல மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. மாதையனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க டீம்ல ரைட்டுக்கு ஆள் தேடறாங்கன்னு டெய்லர் பக்ருதீன் பாய் சொல்லி அனுப்பியிருக்காரு. இப்ப பார்த்தத அங்க சொல்லிடாதீங்கண்ணா. மில்லுல வெளிய அனுப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னா எங்க அம்மா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"சொல்லமாட்டேன்" என்றார் மாதையன். அந்த நேரத்தில் வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பிரதர்ஸ் அணிக்குத் தனியாக அலுவலகம் கிடையாது. தலைவர் அப்துல் சுபானின் மாங்காய் மண்டிதான் எல்லாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணியின் ஆதரவாளர்கள் அங்கே கூடினார்கள். பழம் வரத் தொடங்கியிருந்த சமயம். வைக்கோல் பரப்பின்மேல் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். அணியின் வலது ஓர ஆட்டக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். கிருஷ்ணகிரிக் கோடைப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"அன்வர் பாஷாவை எடுக்கலாமா, வேணாமா? அதுதான் பேச்சு" என்றார் அப்துல் சுபான்.

"இதுல பேச என்னங்க இருக்கு?" என்று பக்ருதீன் எழுந்தே நின்றுவிட்டார். தையல்கடை வைத்திருந்தார், அணிக்குச் சட்டைகள் தைத்துக் கொடுப்பதும் அவர்தான். "இந்த ஜில்லாவுல அவன மாதிரி இன்னொரு ரைட் அவுட் இருக்கானா? ஒரு பேரு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

டீக்கடை மாயவன் சிரித்தார். "ஆட்டத்துல கொறை சொல்லலை பாய். போன வருசம் பாதி நாள் கோட்டுக்கு வெளிய உக்காந்து வெள்ளரிக்காதானே தின்னுக்கிட்டு இருந்தான்? வெள்ளரிக்கா திங்கறதுக்கு நாம ஆள் எடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்ருதீன் சிரிக்கவில்லை.

"முழு மேட்ச்சும் அவன் ஓட வேணாம். ஒருவாட்டி ஓடுனா போதும். அந்த ஓட்டத்துக்கு எதிர்ல எந்த பேக்கு நிப்பான்? நம்ம டீம் கப்பு வாங்கி எத்தனை வருசமாச்சு? சொல்லுங்க!"

பேச்சு இரண்டு பக்கமும் இழுத்தது. இருக்கிற பையன்களை வைத்தே ஆடலாம் என்று சிலர். அன்வர் வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று சிலர். அப்துல் சுபான் கடைசியில் மாதையன் பக்கம் திரும்பினார்.

"என்ன மாதையா, நீங்க வாயே தொறக்கலை? நீங்க பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லையே."

"வேணாங்க பாய்" என்றார் மாதையன்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அன்வரின் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

"ஏன் வேணாம்?" என்று கேட்டார் அப்துல் சுபான்.

"ரெண்டுவாட்டி போன முட்டிங்க. மூணாவதுவாட்டி போனா அப்புறம் கால் இருக்காது. பாவம், அந்தப் பையன விட்டுடுங்க."

"கால் நல்லாயிடுச்சுன்னு அவனே சொல்லியிருக்கான்" என்றார் பக்ருதீன். "இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாதையன் வாயைத் திறந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முகம் நினைவுக்கு வந்தது. "தோணுது" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கும் ஒன்னு தோணுது. அன்வரு வரலைன்னா ரைட்ல யாரு ஆடுவாங்க? உங்க அக்கா பையன் மாதேஸ்வரன். அதானே விசயம்?"

யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று மாதையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாயவன்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஸ்வரன் அணியில் மாற்று ஆளாக இருந்தான் என்பதே அந்த நிமிடம் வரை மாதையனின் நினைவில் இல்லை. காதெல்லாம் எரிந்தது. அங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது. உடைக்கவில்லை.

"எடுத்துக்குங்க பாய்" என்று எழுந்தார். "எனக்கு ஒன்னும் ஆட்சேபனை இல்லை." மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கை தூக்கினார்.

வீட்டுக்குப் போனதும் சின்னம்மாளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு அவமானம் வந்தா வரட்டும். சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"வாக்குக் குடுத்துட்டேன்."

"அவன் சின்னப் பையன்" என்றாள் சின்னம்மாள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கிருஷ்ணகிரியில் முதல் ஆட்டத்திலேயே அன்வர் பாஷா எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டான். பந்து காலுக்கு வந்ததும் ஒரு கணம் தயங்குவான். எதிராளி நெருங்கி வரும்வரை காத்திருப்பான். பிறகு அவன் எந்தப் பக்கம் போனான் என்று எதிராளி தேடிக்கொண்டிருப்பான். பக்ருதீன் கூட்டத்தில் மாதையனைத் தேடிப் பிடித்து, "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று தோளைக் குலுக்கினார். மாதையனும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை, ஆட்டம் அப்படி இருந்தது.

ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், அணி வந்த லாரியின் மறைவில் அன்வர் முழங்காலில் துணி சுற்றி, அதன்மேல் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்வதையும் அவர் பார்த்தார். ஒரு நாள் அன்வர் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டான்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலைண்ணா. மறக்கமாட்டேன்" என்றான்.

"போதும் தம்பி. இத்தோட நிறுத்திக்க."

"ஃபைனல் மட்டும்ணா. அப்புறம் ஒரு வருசம் காலை அசைக்கவே மாட்டேன்."

இறுதி ஆட்டம் திருப்பத்தூர் அணியோடு. இடைவேளை வரை இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். அதற்குப் பிறகு, ஒரு பந்தை எடுக்கத் திரும்பும்போது அன்வர் கீழே விழுந்தான். பக்ருதீன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கோட்டுக்கு வெளியே மாதேஸ்வரன் இறங்கத் தயாராக நின்றான். தருமபுரியிலிருந்து வந்த ஜனமெல்லாம் "அன்வர்! அன்வர்!" என்று ஒரே குரலாகக் கத்தியது.

'வெளியே வந்துடு' என்று மாதையன் மனசுக்குள் சொன்னார். 'வந்துடு சாமி.'

அன்வர் எழுந்தான். ஒரு காலில் இரண்டு குதி குதித்துப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். மைதானம் அதிர்ந்தது. மாதேஸ்வரன் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து வலது ஓரத்துக்கு வந்தது. தடுக்க நின்ற எதிரணி பேக் வழுக்கி விழுந்துவிட்டான். அன்வருக்கு முன்னால் மூலைக் கொடி வரை யாரும் இல்லை. அவன் பந்தைப் பார்த்தான், ஓடவில்லை. அப்போது மாதையனின் காதருகே யாரோ வெறிபிடித்தாற்போல அலறினார்கள்.

"ஓடு அன்வரு! ஓடுடா!"

அது தன்னுடைய குரல் என்று மாதையனுக்குப் புரிந்தபோது அன்வர் ஓடத் தொடங்கியிருந்தான்.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் பல வருடங்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். கொடிக்குப் பக்கத்தில் போய், விழுகிற பந்தை வலது காலால் சுழற்றி அடித்தான். பந்து வளைந்து நடுவுக்கு வந்தது. ஒருவன் எம்பித் தலையால் முட்டினான். கோல்!

ஜனம் கோல் போட்டவனை நோக்கி ஓடியது. மாதையன் மட்டும் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். கொடியருகே அன்வர் மல்லாந்து கிடந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை, தொடவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோல் ஆச்சாண்ணா?" என்று கேட்டான்.

"ஆச்சு சாமி, ஆச்சு" என்று சொல்லி மாதையன் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கோப்பையை லாரியில் வைத்து மேளத்தோடு தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். மாதையனும் மாதேஸ்வரனும் அன்வரை ஒரு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மாதேஸ்வரன் அந்தக் காலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலையில் பக்ருதீன் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். கட்டிலருகே வந்து காலைப் பார்த்தார். மாலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். கால் பிழைத்தது. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆடி மாதம் மாதையன் பொம்மிடிக்குப் போய் அன்வரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். தாயார் ஜான் பீ வாசலுக்கு வந்தார்.

"தருமபுரியிலேருந்து வர்றேங்கம்மா. பேரு மாதையன்."

"நீங்கதானா? கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே. வாங்க தம்பி, உள்ள வாங்க." அந்த அம்மாள் டீ போடப் போனார். "அல்லா உங்கள நல்லா வெச்சிருக்கணும்" என்று அடுப்பருகிலிருந்து சொன்னது கேட்டது. மாதையனுக்குத் தலை நிமிரவில்லை.

அன்வர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மழை பெய்ததா, கடலை போட்டாச்சா என்று கேட்டான். மாதையன் பதில் சொன்னார்.

பிறகு அன்வர் கேட்டான்: "மண்டியில நீங்க வேணாம்னு சொன்னீங்களாமே. பக்ருதீன் பாய் வந்து சொல்லி அழுதாரு."

"சொன்னேன்."

"ரயில்ல எறங்கறப்ப பார்த்தத ஏண்ணா சொல்லலை?"

மாதையன் அவனை வியப்போடு பார்த்தார். "நீதானே தம்பி சொல்ல வேணாம்னு கையப் புடிச்சுக் கேட்டே?"

"கேட்டேன். நான் அப்படித்தான் கேப்பேன். எனக்கு ஆடணும், வேற என்ன தெரியும்? நீங்க பெரியவங்கதானே?" அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான். "சொல்லியிருந்தா உங்கள ஒரு வருசம் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

"ஓடுன்னு கத்துனதும் நான்தான்பா" என்றார் மாதையன்.

"தெரியும். உங்க கொரல் கேட்டுச்சு."

ஜான் பீ டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் அந்தம்மாளுக்காக அதைக் குடித்து முடித்தார்கள்.

அதன்பின் மாதையன் ஆட்டம் பார்க்கப் போவதை விட்டுவிட்டார். மண்டிக்கும் போகவில்லை, அப்துல் சுபான் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், பிறகு விட்டுவிட்டார். பொம்மிடிக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கடலையோ புளியோ எடுத்துக்கொண்டு அன்வரின் வீட்டுக்குப் போவார். அவன் தடியூன்றி நடக்கப் பழகியிருந்தான். மழையைப் பற்றிப் பேசுவார்கள். மாட்டு விலையைப் பற்றிப் பேசுவார்கள். பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. இருந்தாலும் தான் வருவது அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று மாதையன் நம்பத் தொடங்கியிருந்தார்.

தை மாதம் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

"பெங்களூருக்குப் போயிட்டான் தம்பி" என்றார் ஜான் பீ. "அவுங்க மாமு அங்க மரக்கடை வெச்சிருக்காரு. உக்காந்து செய்யற வேலையாம். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

மாதையன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னானாம்மா?"

ஜான் பீ யோசித்தார். ஏதாவது இருந்திருக்கக்கூடாதா என்று தேடுவது அந்த முகத்தில் தெரிந்தது.

"இல்லீங்களே தம்பி" என்றார் கடைசியில். "ஒன்னும் சொல்லலை."

மாதையன் தலையாட்டினார். டீ குடித்துவிட்டுப் போகும்படி அந்த அம்மாள் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல், காலியான கட்டிலைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.